அந்நிய ராஜ்யத்தில் ஆளான கோடை

எங்கள் தெருவில் வெளிநாடு போய் வந்த முதல் பெண் நான்தான். போடியிலிருந்து முந்தல் வரைக்கும் மாட்டுவண்டி, அங்கிருந்து மலைப்பாதையில் நடை. விடியக் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வெளிநாடு வந்துவிடும். கீழே வெள்ளைக்காரன் ஆண்டான்; மலைக் கணவாயான மெட்டுக்கு மேலே மகாராஜா ஆண்டார். அங்கே செல்லும் சக்கரக் காசை இங்கே நீட்டினால் கடைக்காரர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு நம் கையிலேயே வைப்பார். இரண்டு ராஜ்யத்துக்கும் நடுவே ஒரு சுங்கச் சவுக்கை இருந்தது. குறுக்கே ஒரு மூங்கில், பக்கத்தில் ஓலைக் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு உத்தியோகஸ்தர். அவர் கண்ணில் படாமல் ஒரு துணுக்குப் புகையிலைகூட அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது சட்டம். மேகமும் குரங்கும் யானையும் மட்டும் கேட்காமல் போய் வந்தன.

எனக்கு அப்போது பதினாலு வயது நடந்துகொண்டிருந்தது. என் வயதுப் பெண்கள் எல்லாரும் ஆளாகி, பாதிப்பேர் கல்யாணமாகிப் போயிருந்தார்கள். நான் இன்னும் ஆளாகவில்லை என்பது எங்கள் வீட்டு விஷயமாக இல்லை, தெரு விஷயமாக இருந்தது. தண்ணீர் எடுக்கப் போகும் அம்மாவை நிறுத்தி, "என்ன ஆத்தா, ஒண்ணும் விசேசம் இல்லையா?" என்று கேட்பார்கள். அம்மா வீட்டுக்கு வந்து என்னை முறைப்பாள். நான் ஏதோ வேண்டுமென்றே சோம்பேறித்தனம் பண்ணுவது போல இருக்கும் அந்தப் பார்வை.

அந்தச் சித்திரையில் ஊரில் வாந்திபேதி கண்டது. தெருமுனையில் வேப்பிலை கட்டினார்கள். அப்பா என்னை மலைமேல் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். அத்தை வீட்டுக்காரருக்கு அங்கே ஏலத்தோட்டம். அம்மா ஒப்பவில்லை.

"மலைக்காய்ச்சல் வந்தா என்ன பண்றது?"

"பேதின்னா விடியிறதுக்குள்ள முடிஞ்சு போகும். காய்ச்சல்னா வைத்தியம் பாக்க நேரமாச்சும் இருக்குமில்ல?" என்றார் அப்பா. அவர் எதையும் நிதானமாக யோசிப்பவர்.

என் தாய்மாமன் ராசிங்காபுரத்தில் இருந்தார். என்னைத் தன் மகனுக்கென்று நான் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்தவர். செய்தி கேட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து, மோரைக் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எம் மருமகளை எங்க வேணாலும் அனுப்புங்க மச்சான். நான் குறுக்க நிக்கல. ஆனா அங்க வச்சு ஆளாயிரக் கூடாது. சொல்லிப்புட்டேன். மாமன் சீரு செய்யணும், பச்சை ஓலையில பொண்ணு உக்காரக் குச்சு கட்டணும். அந்நிய தேசத்துல போயி அதெல்லாம் நடக்கிற காரியமா?"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் சரியென்று தலையாட்டினேன்.

அப்பாதான் என்னைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். சவுக்கையில் உத்தியோகஸ்தர் என் துணிமூட்டையை அவிழ்த்து, ஒரு பாவாடையை உதறிப் பார்த்து, "போய்க்கோ" என்றார். அவ்வளவுதான், நான் அயல்நாட்டில் இருந்தேன். மண் அதே சிவப்பில்தான் இருந்தது. அதற்காக நான் ஏமாந்துபோனதை அப்பாவிடம் சொல்லவில்லை.

அத்தை தகரக் கூரை போட்ட வீட்டு வாசலில் நின்றிருந்தாள். அவள் பிறந்தது, தவழ்ந்தது, சமைந்தது எல்லாம் போடியில் எங்கள் வீட்டில்தான். கல்யாணம் பண்ணி மலையேறியதோடு அதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. "உங்க ஊர்ல இன்னும் அந்தப் புழுதி அடிக்குதா?" என்று அப்பாவிடம் விசாரித்தாள். "நாலு எட்டு நடந்தா வேர்த்துக் கொட்டுமே, எப்படித்தேன் இருக்கீங்களோ!" தன் பேச்சில் அங்கங்கே மலையாளம் தூவிக்கொள்வாள். வந்த அன்றைக்கே என்னைப் பார்த்து, "குடிக்கக் கொறச்சு வெள்ளம் கொண்டா" என்றாள். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் ஆற்றில் மாட்டை அடித்துக்கொண்டு போவது. அதை எப்படிக் கொண்டுவருவது என்று விழித்தேன். "வெள்ளம்னா தண்ணிடி! ஒண்ணும் தெரியாம வளத்திருக்காங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க நாட்டுல" என்று தொடங்காமல் அவளுக்கு வாக்கியமே வராது. அவள் வீட்டுக்காரர் பாதிநாள் குளிர்காய்ச்சலோடு கம்பளிக்குள் கிடப்பார். காய்ச்சல் விட்ட நாளில் கம்பளியிலிருந்து தலையை நீட்டி, அத்தை என்ன சொன்னாலும், "ஆகட்டும்" என்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்டில் என்னை யாரும் "விசேசம் உண்டா" என்று கேட்கவில்லை. அத்தைக்குத் தோட்டத்துச் சோலி ஓயாது. காலையில் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள், நானும் கூடப் போவேன். ஏலச்செடி என் தலைக்குமேல் வளர்ந்திருக்கும். காய் மேலே காய்த்திருக்கும் என்று அண்ணாந்து தேடினேன். அது காலடியில், தரையோடு தரையாகச் சரம் விட்டுப் பூத்துக் கிடந்தது. நான் தேடியதைப் பார்த்துக் களை எடுக்கும் பெண்கள் சிரித்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து களை பிடுங்கினேன். உரக்கப் பேசினேன். ஒருநாள் பாறைமேல் ஏறிக் கீழே பார்த்தபோது, வெயிலில் போடி ஒரு சாணித் தட்டு அளவுக்குத் தெரிந்தது. அதற்குள் எங்கள் தெரு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இத்துனூண்டு இடத்திலிருந்துகொண்டா இவ்வளவு பேசுகிறார்கள் என்று அப்போது நினைத்தேன்.

வைகாசி பிறந்ததும் மழை முந்திக்கொண்டு வந்தது. மழையோடு அட்டையும் வந்தது. புல்லில் கால் வைத்தால் விரலிடுக்கில் ஏறிக்கொள்ளும். கடித்தது தெரியாது, ரத்தம்தான் தெரியும். ஒரு மத்தியானம் தோட்டத்திலிருந்து திரும்பியபோது பாவாடையில் ரத்தம் இருந்தது.

"அட்டைதேன்" என்றாள் அத்தை. அவளுக்கு மலைநாட்டு விஷயம் எல்லாம் அத்துப்படி. சுண்ணாம்பு வந்தது. கணுக்காலில் இரண்டு அட்டை அகப்பட்டன. அவற்றின்மேல் குற்றம் சாட்டி, தடவி, சுருளச் சுருளக் கொன்றோம். மறுநாள் காலை மறுபடியும் பாவாடையில் ரத்தம்.

"இது பெரிய அட்டையா இருக்கும் போலயே" என்று அத்தை கவலைப்பட்டாள். வீட்டைக் கூட்டி, பாயை உதறி, கம்பளிக்குள் இருந்தவரையும் எழுப்பி உதறினாள். விறகு கொண்டுவந்த ஒரு தோட்டக்காரப் பெண் வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அட்டையுமில்ல பூரானுமில்ல. உங்க மருமக ஆளாயிருச்சும்மா!"

அத்தை என்னைப் பார்த்தாள். "இங்க வச்சா?" என்றாள்.

நான் அழுதேன். வலியுமில்லை, பயமுமில்லை. மாமாவிடம் சபையில் தலையாட்டிவிட்டு வந்து இப்படி வாக்குத் தவறிவிட்டேனே என்றுதான் அழுகை.

அத்தை உடனே காரியத்தில் இறங்கினாள். வீட்டுக்குள் தீட்டுக் கூடாது என்று என்னை ஏலக்காய் ஸ்டோரில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். காய் உலர்த்தும் காலம் இல்லாததால் அது காலியாகக் கிடந்தது; போன வருஷத்து வாசனை மட்டும் பலகையில் ஊறிப்போயிருந்தது. பிறகு காய்க்குத் தீட்டுப் படுமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. காய் இப்போதுதான் பூவாகவே இருக்கிறது என்றேன். "பூவுக்குப் பட்டா காய்க்குப் படாதா?" என்றாள். தோட்டத்தில் களை எடுக்கிறவர்கள் அத்தனை பேரும் மாதாமாதம் அந்தப் பூவுக்கு நடுவேதான் குனிந்து நிற்கிறார்கள் என்று விறகுக்காரப் பெண் சொன்னதும், அத்தை சட்டென்று பேச்சை மாற்றிவிட்டாள்.

போடிக்குச் செய்தி சொல்லப் பொதிமாட்டுக்காரர் ஒருவரை அனுப்பினாள். "நேரா வீட்டுக்குப் போயி எங்க அண்ணங்கிட்ட மட்டும் சொல்லு" என்று படித்துப் படித்துச் சொன்னாள். அவர் முந்தலில் ஒருதரம், ஆற்றங்கரையில் ஒருதரம், சந்தைப்பேட்டையில் ஒருதரம் சொல்லிவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்குப் போனார். அதற்குள் செய்தி வளர்ந்திருந்தது. மலையில் என்னை ஏதோ கடித்து ரத்தம் ரத்தமாகப் போவதாக ஒரு கட்சி, புலி என்று இன்னொரு கட்சி. அம்மாவைத் துக்கம் விசாரிக்கவே நாலுபேர் வந்துவிட்டார்களாம். விஷயம் தெரிந்ததும் அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை ஆத்தா, இதுக்காச்சும் வழி பிறந்துச்சே" என்று வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்களாம்.

தாய்மாமன் கோபத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்வி. ஆனால் மருமகளுக்குக் குச்சு கட்டும் உரிமையை விடலாமா? பச்சைத் தென்னோலை வெட்டிக் கட்டாகக் கட்டி, சேலை, வெல்லம், உளுந்து, ஒரு சேவல், ஒரு கொட்டுக்காரர், தன் மகன், எங்கள் அப்பா என்று ஊர்வலமாக மலையேறிவிட்டார். மகனுக்கு இருபது வயதிருக்கும். ஓலைக்கட்டு அவர் தலையில், சேவல் அக்குளில்.

சவுக்கையில் நடந்ததை அப்பா சொல்லிக் கேட்டேன். அப்பா விட்டதைக் கொட்டுக்காரர் சொன்னார்.

உத்தியோகஸ்தர் ஓலைக்கட்டைச் சுற்றி வந்து, "எந்தா இது?" என்று கேட்டிருக்கிறார்.

"சீருங்க. எம் மருமக ஒங்க ராஜ்யத்துல ஆளாயிருச்சு. குச்சு கட்ட ஓலை கொண்டு போறேன்."

"ஓலை இவிடெ இல்லே?"

"எங்க இருக்கு? இந்த நாட்டுல ஒரு தென்னை மரங்கூட இல்லீங்களே."

உத்தியோகஸ்தர் கடற்கரைப் பக்கத்துக்காரர். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்ஙளுடெ நாட்டில் தெங்கு இல்லெந்நோ?" என்று எழுந்து நின்றுவிட்டார். தென்னையைப் பற்றி வெகுநேரம் பேசினார். அவர் வீட்டைச் சுற்றி, கோயிலைச் சுற்றி, காயலோரம் நெடுக எத்தனை தென்னை என்று கையை விரித்துக் காட்டினார். மாமன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "இருந்தும் என்ன பிரயோசனம், இங்க இல்லியே" என்றாராம். அந்தப் பேச்சுக்காகவே கட்டை அவிழ்க்கச் சொன்னார் உத்தியோகஸ்தர். அவிழ்த்ததும் நடுவிலிருந்து புகையிலைச் சிப்பம் விழுந்தது, ஒன்றன்பின் ஒன்றாக. மருமகள் சீரோடு சீராக, தோட்டக்காரர்களுக்கு விற்றுவிட்டு வரலாம் என்று மாமன் செய்த ஏற்பாடு அது.

"இது ஆருடெ?"

மாமன் வானத்தைப் பார்த்தார். கட்டைச் சுமந்து வந்த மகனைப் பிடித்தார்கள். அவர் சொன்னாராம்: "எனக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. நான் கூலிக்குச் சொமந்து வந்தேன்."

உத்தியோகஸ்தர் தகப்பன் மூக்கையும் மகன் மூக்கையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். இருவருக்கும் கிளி அலகு போல ஒரே மூக்கு. இருந்தாலும் சொன்னதைச் சர்க்கார் நம்பத்தானே வேண்டும்? கூலிக்காரன் போகலாம், மூட்டைக்காரர் மேலதிகாரி வரும்வரை இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஓலை சாட்சிப் பொருளாக நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னால் அது சவுக்கைக் கொட்டகைக்குக் கூரையாகப் போய்விட்டதென்று கேள்வி.

அப்பாவும் மாமன் மகனும் கொட்டுக்காரரும் சேலை, வெல்லம், சேவலோடு வந்து சேர்ந்தார்கள். மேலதிகாரி வரவில்லை. மழை வந்தது. சடங்குக்குக் குறித்த நாள் நெருங்கியது. மாமன் இல்லாமல் குச்சு யார் கட்டுவது என்று அப்பா தாடையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அத்தை அப்பாவின் தோளில் கிடந்த துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மாமன்காரன் சவுக்கையில இருக்கான். அவன் வர்ற வரைக்கும் எம் மருமக ஸ்டோர்லயே கெடந்து ஒலரணுமா? வாங்கடி!"

களையெடுக்கும் பெண்கள் ஏலத் தட்டையும் இலையும் வெட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் தட்டையை அத்தை நட்டாள். "இது எந்த ஊரு முறை?" என்று அப்பா முனகினார். "எங்க நாட்டு முறை" என்றாள். அப்படியொரு முறை அந்த நாட்டிலும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். கம்பளிக்குள்ளிருந்து "ஆகட்டும்" என்று குரல் வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். மலையில் குலவை இரண்டுதரம் கேட்கும், நாம் விட்டது ஒன்று, எதிர்மலை விடுவது ஒன்று.

குச்சுக்குள் எனக்கு உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரு சீக்கும் இல்லை, ஆனால் சாகக் கிடந்து பிழைத்தவளைப்போலப் போஷித்தார்கள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அன்று தாய்மாமன் வந்து சேர்ந்தார். அபராதம் கட்டியிருந்தார், தலைப்பாகை அவிழ்ந்திருந்தது, மூன்று நாள் தாடி. ஏலத்தட்டைக் குச்சையும் அத்தை தோளிலிருந்த துண்டையும் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் அதைவிடக் கெட்டிக்காரர். இழந்த கௌரவத்தை ஒரே வீச்சில் எடுத்துவிடப் பார்த்தார்.

"ஆனது ஆகிப்போச்சு. மச்சான், வைகாசி முடியிறதுக்குள்ள பரிசம் போட்டுருவோம். நம்ம சம்பந்தம் தொட்டில்லயே முடிவானதுதானே?"

அப்பாவின் தலை ஆடத் தொடங்கியது. எங்கள் குடும்பத்தில் தலை லேசாக ஆடும். நான் குச்சுக்குள் இலைச் சந்து வழியாக அதைப் பார்த்தேன். பேச வேண்டுமென்று நான் தீர்மானித்ததாக நினைவில்லை. பேசிக்கொண்டிருப்பது காதில் கேட்டது.

"மாமா, சம்பந்தமே இல்லைன்னு அத்தான் சவுக்கையிலயே சொல்லிட்டாராமே."

மாமன் குச்சுப் பக்கம் திரும்பினார்.

"யாரு பேசுறது?" என்றார் மாமன், நான் பேசுகிறேன் என்று நன்றாகத் தெரிந்தும்.

"நாந்தேன். சர்க்கார் மனுசர் முன்னால சொன்ன வார்த்தையாமே. அத மாத்துனா மறுபடி அபராதம் போட்ற மாட்டாங்களா?"

முதலில் சிரித்தது கொட்டுக்காரர். பிறகு அத்தை. களையெடுக்கும் பெண்களுக்கு எது சடங்கு, எது சண்டை என்று பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு குலவை போட்டார்கள். இலைச் சந்து வழியாக மாமன் மகனைப் பார்த்தேன். கோபமாக இருப்பார் என்று பயந்தேன். மனுஷர் சேவலை மடியில் வைத்துக்கொண்டு, பல்லைப் பிடுங்கி முடித்தபின் வருமே ஒரு நிம்மதி, அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

தாய்மாமன் அன்றைக்கே இறங்கிப் போய்விட்டார். சேலையையும் வெல்லத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார். சேவலை எடுக்க முடியவில்லை, அது குழம்பில் இருந்தது. அப்பா என்னைக் காட்டி, "மலைத்தண்ணி சேரல" என்று அத்தையிடம் சொன்னார். அத்தைக்கு ஒரே பெருமை. "எங்க நாட்டுப் பொண்ணுங்க இப்படித்தேன் பேசுவாங்க" என்றாள், என்னை அந்த நாட்டுக்கே எழுதி வைத்துவிட்டதுபோல.

ஊரில் பேதி அடங்கியதும் அப்பா மறுபடி வந்தார், இந்தத் தடவை டோலியோடு. ஆளான பெண் அந்நியர் பார்க்க நடக்கக் கூடாதாம். நாலுபேர் தூக்கினார்கள். வழுக்குப் பாறையில் முன்னால் தூக்கியவர் சறுக்கினார், பின்னால் தூக்கியவர் மகாராஜாவை வைதார், நான் பக்கத்திலிருந்த பள்ளத்துக்குமேல் ஒருகணம் தொங்கினேன். "என்னை எறக்கிவிடுங்க, நடந்தே வர்றேன்" என்றேன். அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். கௌரவத்தைப் பார்த்தால் மகள் பள்ளத்தில் போவாள் போலிருந்தது. இறங்கினேன். கூட வந்த களையெடுக்கும் பெண்களிடம் ஒரு கம்பளித் துண்டை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு அவர்களோடு நடந்தேன். டோலி திரை மூடியபடி முன்னால் போனது. காலியாகத்தான் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சவுக்கையில் உத்தியோகஸ்தர் எழுந்து வந்தார். "உள்ளில் ஆரு?"

"என் மக. சடங்கு முடிஞ்சு கூட்டிப் போறேன்" என்றார் அப்பா. திரையைத் தூக்கிப் பார்ப்பது அந்த நாட்டிலும் முறையில்லை. உத்தியோகஸ்தர் தலை குனிந்து ஒதுங்கி, தன் கையாலேயே மூங்கிலைத் தூக்கிப் பிடித்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்து மட்டும், "வேகம் போ, வேகம் போ" என்று விரட்டினார்.

முந்தல் வந்ததும் அப்பா திரையை விலக்கினார். நான் உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு மூட்டை ஏலக்காய் உட்கார்ந்திருந்தது. தீர்வை கட்டாமல் அண்ணன் வீட்டுக்கு அத்தை கொடுத்தனுப்பிய போன வருஷத்துக் காய்; கூட வந்த பெண்கள் தலையில் வந்தது, நான் இறங்கியதும் என் கண்ணில் படாமல் திரைக்குள் ஏறியிருக்கிறது. புகையிலை கடத்திய மாமனைப் பற்றி அந்த மாதம் முழுக்க அவள் பேசாத பேச்சில்லை.

"நகந்து உக்காரு" என்றார் அப்பா. மூட்டைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு போடிக்குள் நுழைந்தேன்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் எனக்கு வரன் வரவில்லை. பேசிய பெண் என்று பேர் விழுந்துவிட்டது. மாமன் மகனுக்கு அடுத்த தையிலேயே கல்யாணமாயிற்று. என்னைக் கண்டால் கடைசிவரை மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவார். எனக்கு வாய்த்தவர் தேவாரம் ஊர்க்காரர். தோட்டத்தில் யானை இறங்கினால் தகரத்தைத் தட்டி விரட்டுகிறவர். பெண் பார்க்க வந்த அன்று, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, "நீதான் சவுக்கைக்காரப் பொண்ணா?" என்று நேராக என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். கூடத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் பலகாரத்தை எடுத்துக் கடித்தார். பெண் பிடிக்காத வீட்டில் கை நனைக்கிற வழக்கம் இல்லை. அம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.